மதர்போர்டு மாற்றினால் விண்டோஸ் லைசென்ஸ்: ஸ்க்ரூவைக் கழற்றும் முன் முடிக்க வேண்டியவை

ராம் கூட்டினாலும் எஸ்எஸ்டி மாற்றினாலும் விண்டோஸ் பொதுவாக எதையும் கேட்காது. மதர்போர்டு மாறினால்தான் இது வேறு கம்ப்யூட்டர் என்று எடுத்துக்கொள்ளும். ஆக்டிவேஷன் (லைசென்ஸ் செல்லுமா என்று மைக்ரோசாஃப்ட் உறுதிசெய்வது) பக்கத்தில் 0எக்ஸ்சி004எஃப்211 என்ற பிழை எண் வந்தால் அதற்குப் பொருள் இதுதான். சரிசெய்வது கடினமில்லை. ஆனால் முக்கால்வாசி வேலையைப் பழைய போர்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே முடித்துவிட வேண்டும். கேபினெட்டைத் திறந்த பிறகு யோசித்தால் பாதி வழி அடைபட்டிருக்கும்.

இங்கே மாற்றியது பி450 போர்டும் ரைசன் 5 3600-ம். வந்தது பி650 போர்டு, ரைசன் 5 7600, டிடிஆர்5 ராம். எஸ்எஸ்டி அதேதான், அதில் விண்டோஸ் 11 ப்ரோ.

முதலில் லைசென்ஸ் எந்த வகை என்று பார்க்க வேண்டும். கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'எஸ்எல்எம்ஜிஆர் /டிஎல்ஐ' என்று ஆங்கில எழுத்துகளில் அடித்தால் ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'ஓஇஎம்', அதாவது கணினித் தயாரிப்பாளர் வழியாக வந்தது என்று இருந்தால் அந்த லைசென்ஸ் பழைய போர்டோடு பிறந்தது, அதோடே போய்விடும். 'வால்யூம்' என்றால் நிறுவனங்களுக்குக் கொடுத்தது. சில நூறு ரூபாய்க்கு ஆன்லைனில் வாங்கிய கீ பல நேரம் இந்த வகையாகத்தான் இருக்கிறது, அதை நம்பிப் போர்டு மாற்றக் கூடாது. 'ரீடெய்ல்' என்றால்தான் வேறு போர்டுக்குக் கொண்டுபோகலாம்.

இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. அதே பெட்டியில் கீயின் கடைசி ஐந்து எழுத்துகள் தெரியும். அது '3வி66டி' என்று முடிந்தால் ப்ரோ பதிப்புக்கான பொதுக் கீ (எல்லாருக்கும் ஒரே கீ, அது தனி லைசென்ஸ் ஆகாது), '8எச்விஎக்ஸ்7' என்றால் ஹோம் பதிப்புக்கானது. பழைய ஓஇஎம் விண்டோஸ் 7-லிருந்து இலவசமாக மேம்படுத்திய கணினியிலும் இதே கீதான் இருக்கும், வகையும் 'ரீடெய்ல்' என்றே காட்டும். ஆகவே அந்தச் சொல்லை மட்டும் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். லைசென்ஸ் முதலில் எங்கிருந்து வந்தது என்பதுதான் கணக்கு. காசு கொடுத்து வாங்கிய ரீடெய்ல் கீ என்றால் அதன் 25 எழுத்துகளும் பில்லிலோ மெயிலிலோ இருக்கிறதா என்று இப்போதே தேடி எடுங்கள்.

அடுத்து, செட்டிங்ஸில் சிஸ்டம், அதற்குள் ஆக்டிவேஷன். டிஜிட்டல் லைசென்ஸ் 'உங்கள் மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டுடன் இணைக்கப்பட்டுள்ளது' என்ற வரி முழுதாக இருக்க வேண்டும். 'டிஜிட்டல் லைசென்ஸ்' என்பதோடு நின்றுவிட்டால் இணைப்பு இல்லை. அதே பக்கத்தில் அக்கவுண்ட்டைச் சேர்க்கலாம். இந்த வசதி 2016-ல் வந்த விண்டோஸ் 10-ன் 1607 பதிப்பிலிருந்து இருக்கிறது. ஆபீஸ், கல்லூரி அக்கவுண்ட் எடுபடாது, சொந்த அக்கவுண்ட்தான் வேண்டும். கையோடு கணினியின் பெயரையும் மாற்றிவிடுங்கள். 'டெஸ்க்டாப்' என்று தொடங்கிப் புரியாத எழுத்துகளோடு முடியும் பெயர்கள் நான்கைந்து உங்கள் அக்கவுண்ட்டின் கணினிப் பட்டியலில் நின்றால், எது உங்களுடையது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாது.

லைசென்ஸைவிடப் பெரிய ஆபத்து டிஸ்க் என்கிரிப்ஷன், அதாவது டிஸ்க்கில் உள்ளதைச் சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிவைப்பது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் அக்கவுண்ட்டில் நுழைந்தால், பல கணினிகளில் நீங்கள் கேட்காமலேயே அது ஆன் ஆகிவிடுகிறது. சாவி டிபிஎம் என்ற பாதுகாப்புப் பகுதியில் இருக்கிறது, அது போர்டிலோ ப்ராசசரிலோ இருக்கும். போர்டோ ப்ராசசரோ மாறினால் டிபிஎம்-உம் மாறும், நீலத் திரை வந்து 48 இலக்க ரெக்கவரி கீயைக் கேட்கும். அது கையில் இல்லையென்றால் டேட்டா போனதுதான். செட்டிங்ஸில் பிரைவசி பகுதிக்குப் போய் டிவைஸ் என்கிரிப்ஷனை முழுதாக ஆஃப் செய்து, டிகிரிப்ட் ஆகி முடியும்வரை காத்திருங்கள். ரெக்கவரி கீயைக் காகிதத்திலும் எழுதி வையுங்கள். டிபிஎம் மாறினால் பின் நம்பரும் வேலை செய்யாது. அக்கவுண்ட் பாஸ்வேர்டு நினைவிருக்கிறதா என்று ஒருமுறை அடித்துப் பார்த்துவிடுங்கள்.

இனிப் போர்டை மாற்றலாம். ஆன் செய்ததும் முதலில் பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங்ஸ்) தேதியும் நேரமும் சரியா என்று பாருங்கள், தேதி தப்பாக இருந்தால் ஆக்டிவேஷன் சர்வரோடு பேசாது. புதுப் போர்டின் லான், வைஃபை இரண்டுக்கும் டிரைவர் இல்லாமல் நெட்டே வராமல் போவது அடிக்கடி நடக்கிறது. ஆண்ட்ராய்டு போனை யூஎஸ்பி கேபிளில் மாட்டி டெதரிங் ஆன் செய்தால் பெரும்பாலும் டிரைவர் இல்லாமலே நெட் வந்துவிடும்.

அட்மினிஸ்ட்ரேட்டராக நுழைந்து மறுபடி ஆக்டிவேஷன் பக்கம். ட்ரபிள்ஷூட்டை அழுத்தினால் சிறிது நேரம் சுற்றிவிட்டு, விண்டோஸை ஆக்டிவேட் செய்ய முடியவில்லை என்றுதான் சொல்லும். அங்கே நின்றுவிடாதீர்கள். அதன் கீழே சிறிய எழுத்தில் 'இந்தக் கணினியில் அண்மையில் ஹார்ட்வேர் மாற்றினேன்' என்று பொருள்படும் இணைப்பு இருக்கும், நமக்கு வேண்டியது அதுதான். அக்கவுண்ட் விவரம் கொடுத்து, பட்டியலில் உங்கள் பழைய பெயரைத் தேர்ந்தெடுத்து, 'நான் இப்போது பயன்படுத்துவது இதுதான்' என்ற கட்டத்தில் டிக் போட்டு, ஆக்டிவேட் கொடுத்தால் முடிந்தது.

பட்டியலில் பெயரே இல்லையென்றால், யாராவது அந்தக் கணினியை அக்கவுண்ட்டிலிருந்து நீக்கியிருக்கலாம், அல்லது முதலிலேயே இணைக்காமல் விட்டிருக்கலாம். பெயர் இருந்தும் நடக்கவில்லையென்றால் பதிப்பைப் பாருங்கள். ப்ரோ லைசென்ஸ் ஹோமை ஆக்டிவேட் செய்யாது. அப்படியானால் நெட்டைத் துண்டித்துவிட்டு ப்ரோவின் பொதுக் கீயைப் போட்டுப் பதிப்பை மாற்றி, ரீஸ்டார்ட் ஆனபின் நெட் கொடுத்து ட்ரபிள்ஷூட்டை மறுபடி ஓட்ட வேண்டும்.

ரீடெய்ல் கீ கையில் இருந்தால் 'சேஞ்ச் ப்ராடக்ட் கீ'யில் நேராகவே போடலாம். 0எக்ஸ்சி004சி008 வந்தால், அந்தக் கீ இன்னொரு கணினியில் பயன்பாட்டில் இருப்பதாக சர்வர் நினைக்கிறது. பழைய போர்டை வேறொருவருக்கு விற்றிருந்தால் அதிலிருந்து கீயை நீக்கச் சொல்லுங்கள், கட்டளை 'எஸ்எல்எம்ஜிஆர் /யூபிகே'. இது சர்வருக்குத் தகவல் அனுப்பாது, அந்தக் கணினியிலிருந்து மட்டும் கீயை எடுக்கும். பிறகு மைக்ரோசாஃப்ட் சப்போர்ட்டை அணுகிப் பில்லைக் காட்ட வேண்டியிருக்கும். 'எஸ்எல்எம்ஜிஆர் /டிடிஐ' அடித்தால் வரும் 63 இலக்க இன்ஸ்டாலேஷன் ஐடியைத் தயாராக வைத்திருங்கள். அவர்கள் 48 இலக்க கன்ஃபர்மேஷன் ஐடி கொடுத்தால் ஆறு ஆறாகப் பிரித்துச் சரிபார்த்து அடியுங்கள், ஒரு எண் தப்பினாலும் ஏற்காது.