கீதாரிகள் சேர்ந்து கடற்கரை ஊர்களுக்குப் பக்ரீத் கிடாய் விற்ற அனுபவம்

இராமநாதபுரம் கடற்கரையை ஒட்டிய சிற்றூர்களில் செம்மறி வளர்க்கும் கீதாரிக் குடும்பங்கள், நல்ல விலை வரும் காலம் பார்த்து ஆட்டை விற்பது அரிது. வீட்டில் பணம் தேவைப்படும்போதுதான் ஆடு விலைக்குப் போகிறது. பிள்ளையின் கல்லூரிக் கட்டணம், காதுகுத்துக்குச் செய்முறை, மருத்துவச் செலவு, மந்தையை இரவில் அடைத்து நிறுத்தும் கிடையில் வேலை பார்க்கும் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளம் என்று ஏதாவது ஒன்று வந்து நிற்கும். வியாபாரி கிடைக்கே வந்து, மந்தைக்குள் நடந்து பார்த்து, உருப்படிக்கு இவ்வளவு என்று சொல்லி ஏற்றிக்கொண்டு போய்விடுவார். அதே கிடாய் கீழக்கரையிலும் பெரியபட்டினத்திலும் பனைக்குளத்திலும் பக்ரீத் நேரத்தில் என்ன விலைக்குக் கைமாறுகிறது என்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தும் அந்த விலை எங்கள் கைக்கு வந்ததில்லை. திருப்புல்லாணிப் பக்கத்தில் உறவுமுறையான சில குடும்பங்கள் ஒன்றுசேர்ந்து, இடையில் பல கை மாறாமல், கடற்கரை ஊர்க்காரர்களுக்கே எடைபோட்டுக் கிடாய்களை விற்றோம். இதே வழியில் இறங்க நினைக்கும் கிடைக்காரர்களுக்குப் பயன்படட்டும் என்று அந்த அனுபவத்தை எழுதுகிறேன்.

முதலில் காலக் கணக்கைச் சொல்ல வேண்டும். தை மாதம் சம்பா அறுப்பு முடிந்ததும் எங்கள் மந்தைகள் தஞ்சாவூர், திருவாரூர்ப் பக்கம் நடந்து போய், அறுத்த வயல்களில் எருவுக்காகக் கிடை போட்டு, புரட்டாசி, ஐப்பசி மழைக்கு முன்பு ஊர் திரும்புகின்றன. பக்ரீத் பிறைக் கணக்கில் வருவதால் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே போகிறது. இந்தியாவில் அது 2023இல் ஜூன் 29, 2024இல் ஜூன் 17, 2025இல் ஜூன் 7 அன்று வந்தது. அதாவது, எங்கள் கடற்கரையில் கிடாய்க்கு மிக நல்ல கிராக்கி இருக்கும் நாளில் எங்கள் கிடாய்கள் அங்கே இருப்பதில்லை. காவிரிப் பாசனப் பகுதியில் ஏதோ ஒரு வயலில் படுத்துக் கிடக்கின்றன. ஆடு வளர்ப்போருக்குச் சந்தைக் கொட்டகை கட்டித் தர வேண்டும் என்று பேசுகிறவர்கள் இந்தக் கணக்கையும் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. ஆடும் வாங்குகிறவரும் ஒரே மாதத்தில் ஒரே இடத்தில் இல்லாதபோது, கொட்டகை மட்டும் இருந்து என்ன பயன்?

ஆகவே மந்தை கிளம்புவதற்கு முன், தையிலேயே, விற்பனைக்கு உரிய கிடாய்களைப் பிரித்து ஊரில் நிறுத்துவது என்று முடிவு செய்தோம். இதில் நட்டம் இல்லாமல் இல்லை. கிடைக்கு வயல்காரர் கொடுக்கும் கூலி ஆட்டின் எண்ணிக்கையைப் பார்த்துப் பேசப்படுவதால், கிடாய்களை எடுத்துவிட்ட மந்தைக்குக் கூலி குறையும். ஊரில் நிற்கும் கிடாய்களுக்குக் கோடையில் தீனி தேட வேண்டும். கடற்கரை மணலில் நிற்கும் குடைவேல மரங்களின் காயும், எங்கும் பரவிக் கிடக்கும் சீமைக் கருவேலங்காயும் கை கொடுத்தன. அவற்றை மட்டும் நம்பினால் உடம்பு பிடிக்காது என்பதால் தவிடும் கடலைக்கொடியும் விலைக்கு வாங்கினோம். மந்தையோடு நடக்க முடியாத பெரியவர்களும் பெண்களும்தான் இந்தக் கிடாய்களைப் பார்த்துக்கொண்டார்கள். விற்ற பணம் யார் கணக்கில் ஏற வேண்டும் என்ற பேச்சு வந்தபோது, "வெயில்ல நின்னு வளத்தது நாங்க, பணம் எங்க கணக்குலதான் விழணும்" என்று பெரியம்மா சொன்னார். மறுபேச்சில்லாமல் அப்படியே வைத்துக்கொண்டோம். இந்த முயற்சி குலையாமல் நின்றதற்கு அந்த ஏற்பாடு பெரிய காரணம்.

வாங்குகிறவர்களைப் பண்டிகைக்கு வெகு நாள் முன்னதாகவே போய்ப் பார்த்தோம். ஜமாஅத் பெரியவர்கள் சிலரோடு உட்கார்ந்து, அவர்களுக்கு எப்படிப்பட்ட கிடாய் வேண்டும் என்று கேட்டோம். நாங்கள் கொழுப்பையும் கறியையும் பற்றிப் பேசுவார்கள் என்று நினைத்திருந்தோம். அவர்கள் முதலில் கேட்டது காதைப் பற்றி. பல வீட்டு ஆடுகள் ஒரே கிடையில் கலந்து நிற்பதால், யாருடைய ஆடு என்று அடையாளம் தெரிய நாங்கள் குட்டியிலேயே காதில் ஒரு துணுக்கை வெட்டிவிடுவது தலைமுறை தலைமுறையாக வரும் வழக்கம். இந்தக் கடற்கரை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹப் என்ற இஸ்லாமியச் சட்ட மரபைப் பின்பற்றுகிறவர்கள். அதன்படி, காதின் ஒரு பகுதி அறுபட்டுக் குறைந்துபோன ஆடு பக்ரீத் பலியான குர்பானிக்கு ஆகாது. சதை குறையாத கீறலோ துளையோ இருந்தால் தடையில்லை. "உடம்பு கொஞ்சம் இளைச்சிருந்தாலும் வாங்கிக்குவோம் தம்பி, காது குறைஞ்சிருந்தா எங்களுக்கு உதவாது" என்று ஒரு பெரியவர் எடுத்துச் சொன்னார். எங்கள் அடையாளமே எங்கள் கிடாயை அந்தச் சந்தையிலிருந்து தள்ளி வைத்திருக்கிறது என்பதை அன்றுதான் முழுமையாக உணர்ந்தோம். காது வெட்டிய கிடாய்கள் கறிக்கடைக்குப் போகும். வெட்டாதவையே குர்பானி விலை பெறும். அதன் பிறகு பிறந்த கிடாய்க்குட்டிகளுக்குக் காது வெட்டுவதை நிறுத்தி, எண் பொறித்த காதுவில்லை போடத் தொடங்கினோம். வில்லைக்கு விழும் துளை குர்பானிக்குக் குறையாகாது என்று கேட்டு உறுதி செய்துகொண்டோம். ஆட்டுக்குக் காப்பீடு எடுப்பதற்கும் அந்த வில்லை எண் வேண்டியிருக்கிறது.

அந்தப் பேச்சில் எங்களுக்குச் சாதகமான ஒன்றும் கிடைத்தது. அதே மத்ஹபில் வெள்ளாட்டுக்கு இரண்டு வயது நிறைந்திருக்க வேண்டும். செம்மறிக்கு ஒரு வயது நிறைந்தால் போதும். ஆகவே செம்மறிக்காரர்கள் ஒரு கோடை முன்னதாகவே விற்கலாம். ஓராண்டுத் தீனிச் செலவு மிச்சம். பல் பார்த்து வயது சொல்வது இரு தரப்புக்கும் தெரிந்த கலை என்பதால் வயதில் தகராறு எழவில்லை.

எடை விஷயம்தான் நீண்ட நாள் இழுத்தது. எங்கள் பக்கச் சந்தைகளில், எட்டயபுரம் சனிக்கிழமைச் சந்தை உட்பட, ஆட்டின் முதுகையும் தொடையையும் பிடித்துப் பார்த்து, இதில் இத்தனை கிலோ கறி நிற்கும் என்று கணித்துத்தான் விலை பேசுகிறார்கள். அன்றாடம் அறுத்துப் பார்க்கும் வியாபாரியின் கை ஏறக்குறையச் சரியாகவே சொல்லும். வளர்க்கிறவனின் கைக்கு அந்தப் பழக்கம் இல்லை. உயிர் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவாகத்தான் கறி நிற்கும் என்பது பொதுவான கணக்கு. 30 கிலோ கிடாயில் 14 கிலோவை ஒட்டி வரலாம். வியாபாரி 12 என்று சொன்னால் மறுத்துப் பேச எங்களிடம் ஆதாரம் எதுவும் இருந்ததில்லை. எனவே தொங்கவிட்டு நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்றைப் பொதுப் பணத்தில் வாங்கினோம். அதைத் தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளரிடம் காட்டி முத்திரை பெற வேண்டும், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். முத்திரையில்லாத தராசை வாங்குகிறவர் நம்ப வேண்டிய அவசியமில்லை என்பதால் இந்த அலைச்சலைத் தவிர்க்கக் கூடாது. தண்ணீர் காட்டி எடை ஏற்றியிருப்பார்களோ என்ற ஐயம் வாங்குகிறவர்களுக்கு இருந்தது. விடியற்காலையில், தீனியும் தண்ணீரும் காட்டுவதற்கு முன், அவர்கள் கண்ணெதிரில் நிறுப்பது என்று ஒப்புக்கொண்ட பிறகே அந்த ஐயம் தீர்ந்தது. எங்கள் வீடுகளிலும் மாதம் ஒரு முறை நிறுத்து எழுதி வைத்தோம். எந்தக் கிடாய் தின்ற தீனிக்கு எடை ஏறவில்லை என்பது அந்த நோட்டில்தான் தெரிந்தது, அவற்றை முன்கூட்டியே பரமக்குடிச் சந்தைக்கு அனுப்பிவிட்டோம்.

பண்டிகை வரை காத்திருக்கப் பணம் வேண்டும். கிசான் கடன் அட்டை 2018-19 முதல் கால்நடை வளர்ப்போருக்கும் உண்டு. 2 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு வட்டி 7 விழுக்காடு, தவணை தவறாமல் கட்டினால் 4 விழுக்காடாகக் குறையும். நாங்கள் முதலில் அணுகிய வங்கிக் கிளையில் நிலப் பட்டா கேட்டார்கள். எங்களில் பலருக்கு நிலமே கிடையாது. ஆடுதான் எங்கள் சொத்து. கால்நடைக் கடனுக்குச் சொந்த நிலம் கட்டாயம் இல்லை என்பதை விதியோடு எழுதிக் கொடுத்து, கால்நடை மருத்துவரிடம் மந்தைக்குச் சான்றும் வாங்கிக் கொடுத்த பிறகு, சிலருக்கு மட்டும் கடன் கிடைத்தது. மற்றவர்களுக்கு வாங்குகிறவர்கள் கொடுத்த அச்சாரத்தைக் கொண்டு சமாளித்தோம். மந்தையோடு ஆறேழு மாதம் வெளியூரில் இருக்கிற மனிதர் ஒரு கையெழுத்துக்காக ஊருக்கும் வயலுக்கும் அலைவது எவ்வளவு கடினம் என்பதை அலுவலகங்கள் உணர வேண்டும். 21ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில்தான் முதன்முறையாக இடம்பெயரும் மேய்ச்சல்காரர்களைப் பற்றித் தனியாகக் கேட்டிருக்கிறார்கள். அது எங்களுக்கு ஒரு தொடக்கம் என்றே நம்புகிறேன்.

மருத்துவச் செலவை யாரும் குறைக்க வேண்டாம். ஆட்டுக்கொல்லி நோய்க்கும் துள்ளுமாரிக்கும் தடுப்பூசி போட்டிருந்தோம். கூட்டமாக நிறுத்திய இடத்தில் ஆட்டுக்கொல்லி புகுந்தால் மொத்த உழைப்பும் போய்விடும். வண்டியில் ஏற்றுவதற்கு, ஆடு பயணத்துக்கு ஏற்றது, தொற்றுநோய் இல்லை என்று கால்நடை மருத்துவர் தரும் சான்று வேண்டும். கிடாயையும் பெட்டையையும் கலந்து ஏற்றக் கூடாது, செம்மறியையும் வெள்ளாட்டையும் பிரித்து நிறுத்த வேண்டும், தரையில் வைக்கோல் பரப்ப வேண்டும். தூரம் குறைவு என்று நினைத்து இவற்றை விட்டுவிட்டால், கால் நொண்டும் ஒரு கிடாய் குர்பானிக்கு உதவாமல் திரும்பி வரும்.

தரகர்களைப் பற்றி ஒரு சொல் சொல்லாமல் போவது நியாயமாகாது. துண்டுக்குள் விரல் பிடித்து விலை பேசுகிறவர் எல்லாரும் ஏமாற்றுக்காரர் என்று பேசுவது எளிது. ஆனால், நள்ளிரவில் மருத்துவமனைக்குப் பணம் வேண்டும் என்றபோது எங்கள் வீடுகளுக்குக் கொடுத்தவர்களும் அவர்கள்தாம். அந்தக் கடனே பிறகு விலையைக் கட்டிப்போட்டது என்பதும் உண்மைதான். எங்களுக்கு வெகுநாள் பழக்கமான ஒரு தரகரை விலக்காமல், உருப்படிக்கு இவ்வளவு தரகு என்று வெளிப்படையாகப் பேசிச் சேர்த்துக்கொண்டோம். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்து வாங்குகிறவர்களை அறிமுகம் செய்தவர் அவர்தான்.

பண்டிகைக்கு முந்தைய வாரத்தில் பெரும்பாலான கிடாய்கள் எடைக் கணக்கில் போயின. கிடைக்கு வந்த வியாபாரி முன்பு கேட்ட விலையைவிட, தீனிச் செலவும் தரகும் குறைந்த கிடைக்கூலியும் போக, கையில் தெளிவாகக் கூடுதலாகவே நின்றது. விற்காமல் நின்றவற்றுக்குப் பண்டிகை முடிந்த மறுவாரமே விலை இறங்கிவிட்டது. அவற்றை ஆடியில் குலதெய்வக் கோயில்களுக்குக் கிடாய் தேடி வருகிறவர்களுக்கு வைத்திருந்து விற்றோம். அங்கே கருங்கிடாய்க்குத்தான் மதிப்பு. எங்கள் மந்தையில் அந்த நிறம் குறைவு.

இனி வரும் ஆண்டுகளில் பண்டிகை மே, ஏப்ரல் என்று முன்னே வந்துகொண்டிருக்கும். ஒரு வயது நிறைய வேண்டுமானால் குட்டி எந்த மாதத்தில் விழ வேண்டும், அதற்குப் பொலிக்கிடாயை மந்தையில் எப்போது விட வேண்டும் என்பதை இப்போதே கணக்கிட்டு வருகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் விழும் குட்டிகள் வயது கணக்குக்குப் பொருந்துகின்றன. ஆனால் அதுவே அடைமழைக் காலம், ஈரத்தில் குட்டிச்சாவும் அந்த மாதங்களில்தான் அதிகம். மழைக்கு ஒதுங்க மேடான இடத்தில் குட்டிக்கூடுகள் போட ஊராட்சியிடம் புறம்போக்கில் இடம் கேட்டு மனு கொடுத்திருக்கிறோம்.