பழைய காருக்கு விண்டேஜ் பதிவு: பெயின்ட் அடிக்கும் முன் ஆர்.சி. புக்கைத் திறங்கள்

தாத்தா ஓட்டிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டோ, ஷெட்டில் கிடந்த மார்க் 2 அம்பாசடரோ கைக்கு வந்ததும் பெரும்பாலோர் நேரே போவது டிங்கரிங் பட்டறைக்கு. தகரம் வெட்டி, பட்டி பூசி, பெயின்ட் அடித்து, என்ஜினையும் மாற்றி வண்டியைப் பளபளவென்று நிறுத்திய பிறகுதான் ஆர்.டி.ஓ. ஆபீஸ் நினைவுக்கு வருகிறது. அதற்குள் காரியம் கெட்டிருக்கும். பட்டறையில் என்ன வேலை செய்கிறோம் என்பதைப் பொறுத்தே அந்த வண்டிக்குப் பதிவு கிடைக்குமா, எந்த வகையில் கிடைக்கும் என்பது முடிவாகிறது. ஆர்.சி. புக்கையும் சேஸிஸ் எண்ணையும் பார்த்துவிட்டுத்தான் ஸ்பேனரைக் கையில் எடுக்க வேண்டும்.

விண்டேஜ் வண்டிகளுக்கென்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் 81ஏ முதல் 81ஜி வரை தனிப்பிரிவு 2021 ஜூலையில் சேர்ந்தது. சொந்த உபயோகத்துக்கான இருசக்கர வண்டியும் காரும் மட்டும் இதில் வரும். முதன்முதலில் பதிவான நாளிலிருந்து 50 ஆண்டு தாண்டியிருக்க வேண்டும். தயாரித்த ஆண்டை வைத்துக் கணக்குப் போட்டால் சில மாதம் முன்னதாகவே போய் நிற்க நேரும். ஆர்.சி.யில் உள்ள பதிவுத் தேதிதான் கணக்கு. இரண்டாவது நிபந்தனைதான் பலரைக் கவிழ்க்கிறது: வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, என்ஜின் இவற்றில் பெரிய மாற்றம் எதுவும் நடந்திருக்கக் கூடாது.

சென்னையில் 1961 முதல் தயாரான ஹெரால்டுகள் எல்லாமே இந்த வயதைக் கடந்துவிட்டன. அம்பாசடர் மார்க் 1, மார்க் 2, ஃபியட் 1100, மகேந்திரா சி.ஜே.3பி ஜீப், பழைய ஜாவா, திருவொற்றியூர் புல்லட் என்று நம் ஊரில் தகுதியுள்ள வண்டிகளுக்குக் குறைவில்லை.

ஆனால் வயது வந்துவிட்டது என்பதற்காக விண்டேஜ் பதிவுக்கு ஓட வேண்டியதில்லை. அது வண்டிக்குக் கிடைக்கும் பதவி உயர்வு என்று பலர் நினைக்கிறார்கள். நடைமுறையில் அது ஒரு கட்டுப்பாடு. விண்டேஜ் பதிவு பெற்ற வண்டியைக் கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆராய்ச்சி, இவற்றுக்குப் போய்வருவது, பெட்ரோல் போடுவது, பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டும்தான் சாலையில் இறக்கலாம். ஞாயிறு காலை குடும்பத்தோடு மாமல்லபுரம் போய்வர இந்தப் பதிவில் இடமில்லை. வாடகைக்கும் விட முடியாது. கல்யாண ஊர்வலம், சினிமா ஷூட்டிங் எல்லாம் வணிக உபயோகம்தான்.

சாதாரணப் பதிவு இன்னும் உயிரோடு இருக்கும் வண்டி என்றால் படிவம் 25-ல் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்துக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டில் வயதை மட்டும் காரணம் காட்டி பெட்ரோல் காரை சாலையிலிருந்து இறக்கும் டெல்லி மாதிரியான தடை இல்லை. 2025 ஆகஸ்ட் திருத்தத்துக்குப் பிறகு, 20 ஆண்டு தாண்டிய காரின் புதுப்பிப்புக் கட்டணம் 10,000 ரூபாய், பைக்குக்கு 2,000. இறக்குமதி கார் என்றால் 80,000, இறக்குமதி பைக் 20,000. பசுமை வரி தனி. விண்டேஜ் பதிவுக்கு முதல் முறை 20,000, பத்து ஆண்டு செல்லும்; அடுத்த முறை 5,000. ஆக, உள்நாட்டில் தயாரான காருக்கு முதல் பத்து ஆண்டில் இரண்டு வழியிலும் செலவு ஏறக்குறைய ஒன்றுதான். பணத்தைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம், உபயோகத்தைப் பாருங்கள். ஓட்டி மகிழ வேண்டுமென்றால் சாதாரணப் பதிவைக் காப்பாற்றுங்கள். இறக்குமதி வண்டி, ஷெட்டை விட்டு ரேலிக்கு மட்டும் வெளியே வரும் வண்டி என்றால் விண்டேஜ் பதிவு பொருந்தும். காப்பீட்டில் மூன்றாம் நபர் பிரீமியம் விண்டேஜ் காருக்குப் பாதிதான் என்பது கூடுதல் ஆதாயம்.

எந்த வழியானாலும் காகிதம் முதலில் சரியாக வேண்டும். எம்.எஸ்., எம்.டி., டி.எம். என்று தொடங்கும் பழைய எண்கள் பல இன்னும் மத்திய அரசின் வண்டிப் பதிவுத் தளமான வாகனில் ஏறவே இல்லை. கையால் எழுதிய ஆர்.சி. புக் மட்டும் இருக்கும். அப்படியானால் முதலில் பதிவான அலுவலகத்தில், அல்லது அதன் ஆவணங்கள் இப்போது உள்ள அலுவலகத்தில், பி ரிஜிஸ்டர் (அலுவலகத்தில் உள்ள வண்டிப் பதிவேடு) நகல் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அதை வைத்துத்தான் பேக்லாக் என்ட்ரி போடுவார்கள், அதாவது பழைய பதிவைக் கணினியில் ஏற்றுவார்கள். ஏற்றும்போது பக்கத்தில் இருந்து ஒவ்வொரு எழுத்தையும் சரிபாருங்கள். ஆங்கில ஐ எழுத்தும் எண் 1-ம், ஓ எழுத்தும் பூஜ்யமும் மாறிப்போவது சர்வசாதாரணம். ஒரு முறை தப்பாக ஏறிவிட்டால் இன்சூரன்ஸ், புகைச் சான்று, பெயர் மாற்றம் எல்லாம் அந்தத் தப்பான எண்ணிலேயே நிற்கும்.

உரிமையாளர் இறந்துபோயிருந்தால் படிவம் 31, வாரிசு சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம். ஆர்.சி. தொலைந்திருந்தால் காவல்துறையின் தொலைந்த ஆவண அறிக்கையோடு படிவம் 26. நாற்பது ஆண்டுக்கு முன் ஃபைனான்ஸில் எடுத்த வண்டியில் கடன் குறிப்பு அப்படியே கிடக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். கடன் கொடுத்த கம்பெனி வேறொன்றோடு இணைந்திருந்தால் அந்தப் புதிய கம்பெனியிடம் கடன் தீர்ந்தது என்ற படிவம் 35 வாங்க வேண்டும். கலைக்கப்பட்டிருந்தால் உயர் நீதிமன்றத்தோடு இணைந்த அதிகாரபூர்வ கலைப்பாளர் அலுவலகம் வரை போக வேண்டிவரும். மாதக்கணக்கில் இழுக்கும் வேலை இது. வண்டி பட்டறையில் இருக்கும்போதே தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது சேஸிஸ் எண். பழைய வண்டியின் உயிர் இதில்தான் இருக்கிறது. சில மாடல்களில் இரும்பில் குத்திய எண், சிலவற்றில் ரிவெட் அடித்த தகட்டில் உள்ள எண்; ஆர்.சி.யில் எது ஏறியிருக்கிறதென்று வண்டியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எண் இருக்கும் இடத்தில் கிரைண்டர், வயர் பிரஷ், சாண்ட் பிளாஸ்டிங் மூன்றும் கூடவே கூடாது. பட்டறையில் ஆள் மாறும், சொன்னது மறந்துபோகும். அதனால் அந்த இடத்தின்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்கு ஒட்டி, மேலே பெரிதாக எழுதிவையுங்கள். அம்பாசடர், ஃபியட் போன்ற வண்டிகளில் பாடியும் சேஸிஸும் ஒரே கூடு. துருப்பிடித்த பகுதியை வெட்டும்போது எண் உள்ள துண்டும் போய்விட்டால், அதை வேறொரு தகட்டில் வெல்டிங் செய்து ஒட்டினாலும் பார்ப்பவர் கண்ணுக்கு அது திருட்டு வண்டிதான்.

மங்கிப்போன எண்ணைப் படிக்க அவசரப்படக் கூடாது. மண்ணெண்ணெயில் நனைத்த துணியை எண் மேல் போட்டு ஊறவிட்டு, நைலான் பிரஷால் மெதுவாகத் தேய்த்தால் கிரீஸும் மண்ணும் போய்விடும். பழைய பெயின்ட் மூடியிருந்தால் பெயின்ட் ரிமூவர் தடவி, மரக் குச்சியால் சுரண்டுங்கள். காய்ந்ததும் வெள்ளைச் சாக்பீஸைக் குறுக்கே தேய்த்துவிட்டு, டார்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் பள்ளங்கள் எழுந்து தெரியும். போட்டோ எடுத்துக்கொண்டு, மெல்லிய தாளை அசையாமல் டேப் போட்டு ஒட்டி, மென்மையான பென்சிலைச் சாய்த்துத் தேய்த்துப் பிரிண்ட் எடுங்கள். நான்கைந்து பிரதி எடுத்து வைத்தால் ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் மறுபடி வண்டிக்கு அடியில் படுக்க வேண்டாம். எண் உண்மையிலேயே அழிந்துபோயிருந்தால் நாமே பஞ்ச் அடிப்பது குற்றத்தில் போய் முடியும், எழுத்துபூர்வமாக ஆர்.டி.ஓ.விடம் விண்ணப்பித்து, அவர் சொல்லும் வழியில்தான் போக வேண்டும்.

என்ஜின் விஷயத்தில் சட்டம் கறார். மோட்டார் வாகனச் சட்டம் 52-ம் பிரிவின்படி, தயாரிப்பாளர் குறிப்பிட்ட அசல் விவரங்களிலிருந்து வண்டியை மாற்றக் கூடாது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம், கேரளத்திலிருந்து வந்த வழக்கில் இதை உறுதிப்படுத்தியது. மீறினால் 182ஏ பிரிவில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. அதே மாடல் என்ஜினைப் போடுவதானாலும் முன் அனுமதி வாங்கி, போட்ட 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் புது எண்ணை ஏற்ற வேண்டும். பழைய என்ஜின் வாங்கிய பில் இல்லாமல் அந்த வேலை நகராது.

நம் பக்கம் அதிகம் மாட்டுவது ஜீப்தான். சி.ஜே.3பி பெட்ரோல் ஹரிகேன் என்ஜினோடு வந்த வண்டி. மைலேஜுக்காக அதில் டீசல் என்ஜினை இறக்கி, கிராமத்து வேலைக்கு ஓட்டியிருப்பார்கள். முறையாக ஆர்.சி.யில் ஏறியிருந்தால் சாதாரணப் பதிவில் ஓடலாம். ஆனால் அசல் வடிவம் போய்விட்டதால் விண்டேஜ் பதிவு கேட்க முடியாது. பெட்ரோல் அம்பாசடரில் பிற்காலத்து டீசல் என்ஜினைப் போட்டதும் இதே கதை. எல்.பி.ஜி. கிட் போட்ட கார் என்றால், கிட்டைக் கழற்றி, ஆர்.சி.யில் எரிபொருளைப் பெட்ரோல் என்று திருத்திய பிறகே விண்டேஜுக்கு விண்ணப்பிப்பது புத்திசாலித்தனம். நிறமும் ஆர்.சி.யில் இருக்கிறது. சந்தன நிற வண்டிக்குச் சிவப்பு அடித்தால் அதையும் ஏற்ற வேண்டும். பழைய நிறத்தையே அடிப்பதுதான் நல்லது. ஆய்வில் ஒரு கேள்வி குறையும், வண்டிக்கும் அதுதான் அழகு.

ஆர்.டி.ஓ. மைதானத்தில் பிரேக் இன்ஸ்பெக்டர் முதலில் சேஸிஸ், என்ஜின் எண்களைப் பார்ப்பார். பிறகு பிரேக், ஹேண்ட் பிரேக், ஹெட்லைட், இண்டிகேட்டர், ஹார்ன், வைப்பர், கண்ணாடி, டயர். நாலு சக்கரமும் டிரம் பிரேக் உள்ள பழைய கார்களில் ஒரு பக்கம் இழுப்பதுதான் வாடிக்கையான குறை. வீல் சிலிண்டர் கசிந்து ஷூ லைனிங் நனைந்திருக்கும். லைனிங்கை மட்டும் மாற்றினால் பத்து நாளில் மறுபடி இழுக்கும், சிலிண்டர் ரப்பரையும் சேர்த்து மாற்றுங்கள். ஹெரால்டில் முன் சக்கரம் திரும்ப உதவும் ட்ரனியன் என்ற மூட்டுகளைத் தவறாமல் கவனியுங்கள். அதற்குக் கிரீஸ் போடுவது தப்பு, இ.பி.90 கியர் ஆயில்தான் போட வேண்டும். தேய்ந்து முறிந்தால் ஓடும்போதே சக்கரம் மடங்கிவிடும். டயர் அளவு ஹெரால்டுக்கு 5.20-13, ஃபியட்டுக்கு 5.20-14, அம்பாசடருக்கு 5.90-15. ட்ரெட் புதிதாக இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு இருந்தால் மாற்றிவிடுங்கள். நின்றே கிடந்த வண்டிகளில் டயர் தேய்வதற்கு முன் செத்துப்போகிறது.

புகைச் சான்றுக்குப் பழைய கார்களுக்கு உள்ள வரம்பு, ஐட்லிங்கில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 1500 பி.பி.எம். 2000 மார்ச்சுக்கு முந்தைய பைக்குக்கு 4.5 சதவீதம், 9000 பி.பி.எம். ஒழுங்காக ட்யூன் செய்த கார்புரேட்டர் என்ஜின் இதைத் தாண்டாது. மோனாக்சைடு ஏறினால் மிக்சர் ஸ்க்ரூ, ஃப்ளோட் லெவல், முழுதாகத் திரும்பாத சோக், அடைத்த ஏர் ஃபில்டர் என்று பாருங்கள். ஹைட்ரோகார்பன் ஏறினால் எரியாத பெட்ரோல் வெளியே போகிறது, அதாவது மிஸ்ஃபயர். ஹெரால்டில் பிளாட்டினம் பாயின்ட் இடைவெளி 15 தவு (தவு என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு), பிளக் இடைவெளி 25 தவு வையுங்கள். நீல நிறப் புகை வந்தால் ட்யூனிங்கில் தீராது, ரிங் வேலைதான். என்ஜின் நன்றாகச் சூடான பிறகே சோதனைக்கு நிறுத்துங்கள். குளிர்ந்த என்ஜினில் எந்தப் பழைய காரும் தோற்கும்.

விண்டேஜ் பதிவுதான் என்று முடிவானால் விண்ணப்பம் படிவம் 20-ல். கூட இன்சூரன்ஸ், கட்டணம், பழைய ஆர்.சி.; இறக்குமதி வண்டி என்றால் சுங்கத்தின் பில் ஆஃப் என்ட்ரி. மாநிலம் இதற்கென நியமித்த நோடல் அதிகாரி வழியாக ஆய்வுக் குழு வண்டியைப் பார்த்துத் தகுதியைச் சொல்லும். அந்த ஆய்வுக்கு ஒரு கோப்பு தயார் செய்துகொண்டு போவது பெரிய பலம்: வேலை தொடங்கும் முன் எடுத்த படங்கள், எண் பிரிண்ட்கள், அந்த மாடலின் வொர்க்‌ஷாப் மேனுவலில் என்ஜின், பாடி விவரம் உள்ள பக்கங்கள், மாற்றிய ஒவ்வொரு பாகத்துக்கும் பில். துருவெட்டிய தகட்டை மாற்றியதும், கூட்டையே மாற்றியதும் வேறு வேறு என்பதை வாயால் சொல்வதைவிடப் படங்கள் தெளிவாகக் காட்டும். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர் போட்டிருந்தால், ஆய்வுக்கு முன் டைனமோவையே மாட்டிவிடுவது என் யோசனை. அரை நாள் வேலைக்காக விவாதத்தில் இறங்க வேண்டாம்.

சான்றிதழ் படிவம் 23ஏ-வில், 60 நாளுக்குள் வர வேண்டும். ஏற்கெனவே பதிவான வண்டி தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். அந்த மெட்ராஸ் எண்ணை எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு மாநிலக் குறியீடு, வி.ஏ., இரண்டெழுத்துத் தொடர், 0001 முதல் 9999-க்குள் ஓர் எண் என்று வரும். விண்டேஜ் வண்டியை விற்கலாம், வாங்கலாம், தடையில்லை. ஆனால் விற்பவர், வாங்குபவர் இருவருமே அவரவர் மாநிலப் போக்குவரத்து அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும். வாங்குபவர் சொல்லிக்கொள்வார் என்று விட்டுவிட்டால், வண்டி வேறொருவர் கையில் என்ன செய்தாலும் கேள்வி பழைய பெயருக்குத்தான் வரும்.