ஜிம்மி வீட்டுக்கு டைகர் வந்தான்

என் அண்ணன் தன் மகளோடு ஷா ஆலாம் நகரத்தில் அடுக்குமாடிக்குக் குடிபோகிறார். அங்கே நாய் வளர்க்க முடியாது. தோட்டத்து லயத்து வீட்டில் அவர் வளர்த்த டைகரை யாரிடம் விடுவது என்று பேச்சு வந்தபோதே எனக்குத் தெரியும், சுற்றிச் சுற்றி அது சுங்கை சிப்புட்டில் என் வீட்டு கேட்டுக்குத்தான் வந்து சேரும் என்று. டைகர் ஜெர்மன் ஷெப்பர்ட், 36 கிலோ. என் வீட்டில் ஏற்கெனவே ஸ்பிட்ஸ் ஜிம்மியும் மினியேச்சர் பின்ஷர் சின்னப்பொண்ணும் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் சேர்த்து நிறுத்தாலும் 12 கிலோ தேறாது.

"பெரிசு இந்த ரெண்டையும் குதறிடும்மா" என்று எதிர்வீட்டு அக்கா பயந்தார். என் கவலை வேறு. சண்டை என்று வந்தால் ஆரம்பித்து வைப்பது ஜிம்மியாகத்தான் இருக்கும். மத்தியானம் மகாத்மா காந்தி கலாசாலைப் பிள்ளைகள் நடந்து போனால், ஊரையே விலைக்கு வாங்கியவன் மாதிரி கேட்டுக்குள் நின்று குரைப்பான். சின்ன நாய் உறுமினால் சிரித்துக்கொண்டே தூக்கிக் கொஞ்சுகிறோம். அதையே பெரிய நாய் செய்தால் சங்கிலியைத் தேடுகிறோம். டைகருக்குக் கெட்ட எண்ணமே வேண்டாம், விளையாட்டாக முன்காலைத் தூக்கிப் போட்டாலே சின்னப்பொண்ணின் முதுகெலும்பு போய்விடும். முதலில் பார்க்க வேண்டியது எடை, குணமெல்லாம் அப்புறம்.

வருவதற்கு முன்பே அண்ணனிடம் சொல்லிவிட்டேன்: "டாக்டர்கிட்ட காட்டி, உண்ணி மருந்து, தடுப்பூசி எல்லாம் முடிச்சிட்டுக் கொண்டாங்கண்ணே." உண்ணி நாயின் மேலேயே இருந்துவிடாது. இறங்கிச் சுவர் வெடிப்பில் முட்டையிடும். ஒரு நாய் அதைக் கொண்டுவந்தால் மூன்று நாய்க்கும் காய்ச்சல். நாய் வளர்க்கிற லைசன்ஸும் அப்படித்தான், முன்பே கேட்டுக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் குவாலா கங்சார் நகராண்மைக் கழகம். வீட்டைப் பார்த்து நாய்களின் எண்ணிக்கைக்கு வரம்பு வைக்கிற மன்றங்கள் உண்டு.

நேராக வீட்டுக்குள் கொண்டுவர நான் விடவில்லை. வீடு ஜிம்மியின் எல்லை, அங்கே முகத்துக்கு முகம் நிறுத்தினால் ரகளைதான். எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பின்னால் செம்பனைத் தோட்டத்துக்குள் போகிற மண் சாலையில் சந்திக்க வைத்தோம். வீட்டுக்காரர் டைகரைப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். நானும் மகனும் மற்ற இரண்டையும் பிடித்துக்கொண்டு நல்ல இடைவெளி விட்டுப் பின்னால் போனோம். எல்லாருக்கும் ஒரே திசை. ஜிம்மியின் முதுகு மயிர் கழுத்திலிருந்து வால் வரை சிலிர்த்து நின்றது. டைகர் ஒருமுறை திரும்பிப் பார்த்தான், பெரிதாகக் கொட்டாவி விட்டான், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டான். தூக்கம் வந்து விட்ட கொட்டாவி இல்லை அது. எனக்குச் சண்டை வேண்டாம் என்று நாய் சொல்கிற விதம். அப்புறம் ஜிம்மி ஒரு செம்பனை அடியில் காலைத் தூக்கிவிட்டு நகர, டைகர் அங்கே போய் ரொம்ப நேரம் முகர்ந்தான். அறிமுகம் முடிந்தது என்று வீட்டுக்காரர் சொன்னார். சின்னப்பொண்ணு யாரையும் சட்டை செய்யவில்லை, கீழே கிடந்த உதிரிப் பழத்தை நக்கப் போனாள்.

வீட்டில் கிரில் கதவுதான் கைகொடுத்தது. டைகர் முன்வாசலில், இவர்கள் ஹாலில். கம்பி வழியாக மூக்கோடு மூக்கு வைத்துப் பழகட்டும் என்று விட்டுவிட்டோம். பயத்தில் சின்னதை வாரித் தூக்கக் கூடாது என்று மகனுக்குச் சொல்லிச் சொல்லி வாய் வலித்தது. கையில் உயரத் தூக்கினால் பெரியது எட்டிக் குதிக்கத்தான் செய்யும். அதைவிட மோசம், சின்னது கீச்சென்று கத்திக்கொண்டு ஓடுவது. நல்ல நாய்க்குக்கூட அந்த நேரத்தில் துரத்துகிற புத்தி வந்துவிடும், தோழனும் இரையாகத் தெரிவான். அதனால் ஓட்டப் பந்தயம் ஆரம்பிக்கும்போதே டைகரைக் கூப்பிட்டு உட்கார வைத்துவிடுவேன். "உட்கார்" என்றால் உட்காருவான். அந்தப் பழக்கம் அண்ணன் கொடுத்த சீதனம்.

சாயங்கால மழைக்கு இடி இடித்தால் மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துவிடுவோம். மிரண்ட நாய் பக்கத்தில் இருப்பதைக் கடிக்கும். தீபாவளிப் பட்டாசுக்கும் இதே ஏற்பாடுதான்.

இப்போது டைகரின் பாயில் ஜிம்மி படுக்கிறான், டைகர் வெறும் டைல்ஸில். நான் துரத்தினால் இறங்குவான், தலை மறைந்ததும் ஏறிக்கொள்வான். டைகருக்கு இதில் ஒரு புகாரும் இல்லை, எனக்குத்தான் எரிச்சல். ஆனாலும் நாங்கள் டவுனுக்குக் கிளம்பினால் கிரில் பூட்டுதான். சாப்பாடும் மூன்று இடத்தில்: டைகருக்கு வாசலில், ஜிம்மிக்கு அடுப்படியில், சின்னப்பொண்ணுக்குக் குளியலறைப் பக்கம். தட்டு காலியானதும் எடுத்துவிடுவேன். எலும்பு கிடையவே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி எடுத்தால் எலும்பை நெகிழிப் பையில் கட்டி, கேட்டுக்கு வெளியே குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டு வருவது வீட்டுக்காரர் வேலை. மூன்று பேரும் கேட் வரை அவரைக் கொண்டுபோய் விடுவார்கள்.