ஹட்டன்ல இருந்துக்கிட்டு வால்ட்ஸ் பழகறது

முதல்லயே சொல்லிடறேன், நான் தேடுனது ஹோட்டல் நியூ இயர் பார்ட்டில ஆடற டான்ஸ் இல்ல, போட்டிக்கு ஜோடியா ஆடற பால்ரூம். வால்ட்ஸ், டேங்கோ, வியன்னீஸ் வால்ட்ஸ், ஸ்லோ ஃபாக்ஸ்ட்ராட், குவிக்ஸ்டெப்னு ஒரு செட்டு. சா சா சா, சம்பா, ரும்பா, பாசோ டோப்ளே, ஜைவ்னு லத்தீன் ஒரு செட்டு. நான் முதல் செட்டு ஆளு. பெங்களூர்ல வேலை பாத்தப்ப பிடிச்சது, கோயமுத்தூருக்கே திரும்பி வந்தும் விடல, மாசத்துல ரெண்டு வீக்கெண்ட் பஸ் ஏறிப் போய் ஆடிட்டு வருவேன்.

போன வருசக் கடைசில கம்பெனில கூப்பிட்டு, ஸ்ரீலங்கால ஒரு வருசம் இருக்கணும், அங்க டீ ஃபேக்டரிகளுக்கு வித்த கலர் சார்ட்டர் மெசின் எல்லாத்தையும் நீ தான் பாத்துக்கணும்னு சொல்லிட்டாங்க. (கலர் சார்ட்டர்னா, டீத்தூள் மேல இருந்து கொட்டறப்ப கேமரா பாத்துக்கிட்டே இருக்கும், குச்சி வந்தா காத்தை ஊதி தனியாத் தள்ளிடும். நாள் பூரா டிக் டிக் டிக்னு அந்த சத்தத்துல தான் என் பொழப்பு.) வீடு ஹட்டன் டவுன்ல. சுத்தி டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, எந்த ஃபேக்டரில இருந்து எப்ப போன் வரும்னு சொல்ல முடியாது, ஏன்னா கொழுந்து வாட்டி எடுக்கவே பன்னெண்டு மணி நேரத்துக்கு மேல ஆகும், அப்புறம் அரைக்கறது, காய வெக்கறதுன்னு முக்கியமான வேலையெல்லாம் ராத்திரியும் விடியக்காலையும் தான் நடக்கும்.

விசா, சிம், வாடகை இதெல்லாம் பெரிய பிரச்சினையா இல்ல. தமிழ்ல பேசியே எல்லாம் ஆயிடுச்சு. நான் வாயத் தொறந்ததும் "இந்தியாவா? எங்க தாத்தாவோட ஊரு திருச்சிப் பக்கம்"னு யாராவது ஆரம்பிச்சிருவாங்க, அதோட ஒரு பிளேன்டீயும் வந்துரும். ஆனா பால்ரூம் க்ளாஸ்னு கேட்டா மட்டும் ஊரே யோசிக்குது.

வீட்டுக்கார அம்மா சொன்னாங்க, "டான்ஸுக்கு என்ன மகள், பரதம் இருக்கு, கண்டியன் இருக்கு, ஸ்கூல் மிஸ்மாரே சொல்லிக் குடுக்கிறாங்க தானே." நான் போன்ல வீடியோ காட்டுனேன். கண்ணு எடுக்காம பாத்துட்டு கேட்ட முதல் கேள்வி, "இது உங்க வீட்டுக்காரரா?" இல்லீங்கம்மா, இவரு பார்ட்னர், வீட்டுக்காரரு கோயமுத்தூர்ல இருக்காரு, அவருக்கு டான்ஸ் வராது, போட்டி அன்னிக்கு தண்ணி பாட்டில் பிடிச்சிட்டு நிப்பாருன்னேன். "நல்ல மனுசன்"னு மட்டும் சொன்னாங்க. அது யாரைன்னு இன்னிக்கு வரைக்கும் கேக்கல.

அப்புறம் கண்டி, நுவரெலியா, கொழும்புன்னு வரிசையா போன் போட்டேன். ஒரு இடத்துல எடுத்த உடனே "கலியாணம் எப்ப மேடம்?"னு கேட்டாங்க. எனக்கு ஆயி ஒம்போது வருசம் ஆச்சேன்னேன். அந்தப் பக்கம் அமைதி. இங்க நிறைய கல்யாணத்துல மாப்பிள்ளையும் பொண்ணும் எல்லார் முன்னாடியும் ஒரு வால்ட்ஸ் ஆடுவாங்க, அதுக்கு ரெண்டு மூணு வாரம் வந்து ஒரே ஒரு பாட்டுக்குப் பழகிட்டுப் போயிடுவாங்க, நிறைய டீச்சர்களுக்கு வருமானம் அதுல தான். அதைக் குறை சொல்லல. ஆனா அங்க சொல்லித் தர்றது, கூட்டத்துக்கு நடுவுல காலை மிதிச்சுக்காம அழகா சுத்தறதுக்கு. எனக்கு வேண்டியது, ஜட்ஜ் ஒருத்தரு ஃப்ளோர்ல பல ஜோடிக்கு நடுவுல என்னைச் சில செகண்ட் தான் பாப்பாரு, அந்தச் சில செகண்ட்ல என் கழுத்தும் முதுகும் குதிகாலும் எங்க இருக்குதுன்னு பாத்துத் திட்டற ஆளு. ஸ்டெப் எனக்குத் தெரியும். திட்ட ஆள் இல்லாம தான் கெட்டுப் போகும்.

அதனால போன்ல சிலபஸ் என்ன, ஃபீஸ் என்னன்னு கேக்கறதை விட்டுட்டேன். ஒரே கேள்வி: ஃபாக்ஸ்ட்ராட்ல ஃபெதர் ஸ்டெப் ஆடறப்ப பொம்பளைக்குப் பாதத்துல ரைஸ், அதாவது எழும்பறது, எங்க வரும்? இது கொஞ்சம் குசும்பான கேள்வி தான். பின்னாடி போறப்ப பொம்பளைக்குப் பாதம் எழும்பவே கூடாது, ரைஸ் எல்லாம் உடம்புல தான், ஆம்பளைக்கு மட்டும் தான் பாதமும் சேந்து எழும்பும். ஒருத்தரு ரெண்டாவது ஸ்டெப்னு சொன்னாரு, ஒருத்தரு நேர்ல வாங்க பாத்துக்கலாம்னாரு. கண்டில ஒரு ரிட்டயர்ட் டீச்சர் இருக்காங்க, இப்பல்லாம் யாருக்கும் சொல்லித் தர்றதில்லைன்னு ஒருத்தர் நம்பர் குடுத்திருந்தாரு, அவங்களுக்குப் போட்டேன். கேள்வியை முடிக்கறதுக்குள்ள "பாதத்துலயா? யார் உனக்கு அப்படிச் சொல்லிக் குடுத்தது?"ன்னு இங்கிலீஷ்ல ஒரு அதட்டல். அப்பாடான்னு இருந்துச்சு.

வீடு கண்டிக் குளத்துக்கு மேல ஏறற ரோட்டுல. முன் ரூம்ல இருந்த சோஃபா எல்லாத்தையும் சுவரோட தள்ளி வெச்சுட்டாங்க, பழைய சிவப்பு சிமெந்துத் தரை, பாலிஷ் போட்டுப் போட்டுக் கண்ணாடி மாதிரி இருக்கு. எங்க ஷூவுக்கு அடில தோல் சொரசொரன்னு இருக்கும், ஸ்வேட், அது தரையை அளவாப் பிடிக்கணும், அளவா வழுக்கணும். பாலிஷ் ஏறுனா மொழுக்குன்னு ஆயிடும். அதனால மூணு பாட்டுக்கு ஒரு தடவை வாசப்படில உக்காந்து கம்பி பிரஷ்ஷால தேய்ப்பேன், டீச்சர் அந்த நேரத்துல டீ ஊத்துவாங்க. அவங்களுக்குத் தமிழ் கொஞ்சூண்டு, எனக்குச் சிங்களம் அதை விடக் கொஞ்சூண்டு. எக்க தெக்க துன, எக்க தெக்க துன, இது மட்டும் இப்ப தூக்கத்துலயும் வருது. அப்புறம் "ஆயெத்". திரும்பப் பண்ணுன்னு அர்த்தம். அந்த வீட்ல நான் அதிகமாக் கேட்டது அதைத் தான்.

முதல் க்ளாஸ் பூரா ஒரே ஒரு ஹீல் டர்ன். இடது கால் பின்னால போகுது, வலது கால் இழுத்துட்டு வந்து பக்கத்துல ஒட்டுது, ரெண்டும் ஒட்டி இருக்கறப்ப குதிகால்ல உடம்பு திரும்புது, அதுக்கப்புறம் தான் எடை மாறணும். ஒரு நொடி வேலை. நான் எடையைக் கொஞ்சம் சீக்கிரமா மாத்திடறேனாம். டீச்சர் ஒரு பழைய அஞ்சு ரூபா காசை என் வலது ஷூவுக்குக் கீழ வெச்சு, திரும்பி முடியறதுக்குள்ள காசு நகந்தா ஆயெத். காசு நகந்துக்கிட்டே இருந்துச்சு. பெங்களூர்ல கண்ணாடிச் சுவர், ஏசி, ஸ்பீக்கர் எல்லாம் இருந்துச்சு, ஆனா அங்க இத்தனை பேரை வெச்சுக்கிட்டு ஒருத்தி குதிகாலுக்கு ஒரு மணி நேரம் யாரு குடுப்பா.

இதுக்குத் தான் ஹட்டன்ல இருந்து கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை, பேராதனை வழியா கண்டி வரைக்கும் பஸ். வளைவுல ஆட்டற ஆட்டுல பேலன்ஸ் ப்ராக்டிஸ் தனியா வேண்டியதில்ல. போகும்போது பரவால்ல, திரும்பி வர்றது தான் கொடுமை, டிசம்பர் பௌர்ணமில இருந்து மே மாச வெசாக் பௌர்ணமி வரைக்கும் சிவனொளிபாத மலைக்கு (ஆடம்ஸ் பீக்) யாத்திரை சீசன், வீக்கெண்ட் ஆனா ஹட்டன் பக்கம் வர்ற பஸ்ல எல்லாம் குல்லாவும் போர்வையும் சாப்பாட்டுப் பையுமா கூட்டம் வழியும், நான் ஷூ பையை நெஞ்சோட கட்டிப் பிடிச்சுட்டு நின்னுட்டே வருவேன். இன்னொண்ணு, போயா. மாசாமாசம் பௌர்ணமி அன்னிக்கு இங்க லீவு, சாராயக் கடை கறிக்கடை எல்லாம் மூடிடும், டீச்சரும் வெள்ளைச் சேலை கட்டிட்டுப் பன்சலைக்கு (புத்தர் கோயில்) போயிடுவாங்க, பாட்டுப் போட மாட்டாங்க. எந்த வாரம் போயான்னு காலண்டர் பாக்காம பஸ் ஏறக் கூடாது.

க்ளாஸ் கிடைச்சா மட்டும் போதாது, வாரம் பூரா ஆடிப் பாக்கத் தரை வேணும். இது தான் க்ளாஸை விடப் பெரிய தேடல். டவுன்ல கல்யாண மண்டபம் இருக்கு, டைல்ஸ், ஷூ நிக்கவே மாட்டேங்குது, வாடகையும் நம்ம தலைக்கு மேல. சர்ச் ஹால் கேட்டேன், சனி ஞாயிறு பூரா ஓ லெவல் பரீட்சை எழுதற பசங்களுக்கு டியூஷன். ஃபேக்டரில மேல் மாடி மரத்தரை பாத்தா நாக்குல எச்சி ஊறும், ஆனா அங்க கொழுந்து வாட்டற தொட்டி வரிசையா நிக்குது, போதாததுக்கு டீ எந்த வாசனையையும் சட்டுன்னு பிடிச்சிக்கும், நான் வேர்வையோட அங்க குதிச்சா டீமேக்கர் என்னைக் கொன்னே போட்டுருவாரு. அவரு தான் கடைசில வழி சொன்னாரு. டிக்கோயாப் பக்கம் அவங்க தோட்டத்துல ஒரு பழைய ஸ்டாஃப் கிளப், மரப்பலகைத் தரை, முந்தி பில்லியர்ட்ஸ் மேசை இருந்த இடம், இப்ப கேரம் போர்டு மட்டும். பெரிய கிளாக்கரை (ஹெட் கிளார்க்) ஒரு வார்த்தை கேட்டுட்டு சாயங்காலம் வந்து ஆடுங்கன்னாரு. மூலைல ஒரு பலகை மட்டும் தூக்கிட்டு நிக்கும், அங்க சாக்பீஸ்ல வட்டம் போட்டு வெச்சிருக்கேன்.

பார்ட்னர் இல்லாம ஆடறது எப்படின்னா, முழங்கையில ரெண்டு பக்கமும் முட்டுற மாதிரி ஒரு மூங்கில் கம்பை முதுகுக்குப் பின்னால கோத்துக்கணும், கை கீழ இறங்காது. போன்ல தாளம் தட்டற மெட்ரோனோம், வால்ட்ஸுக்கு நிமிசத்துக்கு 28ல இருந்து 30 பார், பாருக்கு மூணு தட்டு, அதாவது 84ல இருந்து 90 தட்டு. குவிக்ஸ்டெப் அதை விட ரெண்டு மடங்குக்கு மேல, 200 தட்டு, ஹட்டன் 4000 அடிக்கு மேல இருக்கறதால மூச்சு வாங்குதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்கேன், வயசைப் பத்தி யாரும் கேக்கல.

மழைக்காலத்துல ஷூ தான் பாவம். ஒரு வாரம் பைக்குள்ள விட்டுட்டு எடுத்தா ஸ்வேட் பூரா பச்சைப் பூஞ்சை. இப்ப பேப்பர் சுருட்டி உள்ள திணிச்சு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால சூடு வர்ற இடத்துல வெக்கறேன், ஹட்டன்ல அதை விட்டா காஞ்ச இடம் கிடையாது.

பிப்ரவரி, மார்ச்ல எல்லாம் ஒண்ணாச் சேந்துச்சு. ஹட்டனும் சேந்த திம்புள டீ ஏரியால ஜனவரில இருந்து மார்ச் வரைக்கும் தான் நல்ல டீ சீசன், மெசின் நின்னா உடனே ஓடணும். மலைக்குப் போற கூட்டம் ஒரு பக்கம். மாசி பொறந்ததும் தோட்டத்துல காமன் கூத்து. கம்பம் நட்டாங்க, ரதி மன்மதன் வேசம் கட்டற பசங்களோட உடுப்பு, சலங்கை, ஒப்பனைச் சாமான் எல்லாம் கிளப்புக்குள்ள வந்துருச்சு, எனக்குக் கிடைச்சது வராண்டா. வெளிய தப்பு அடிக்கறாங்க, உள்ள என் போன் எக்க தெக்க துனன்னு தட்டுது, தப்பு முன்னாடி எந்த மெட்ரோனோமும் நிக்காது, என் கால் தானா அந்தப் பக்கம் போயிடுச்சு. மன்மதன் வேசம் கட்ற தம்பி கொழும்புல கடைல வேலை, கூத்துக்காக லீவு போட்டு வந்தவரு, கொஞ்ச நேரம் பாத்துட்டு கேட்டாரு, "அக்கா, நீங்க தாளத்துல கால வைக்கிறீங்க, ஆனா ஒடம்பு கொஞ்சம் பிந்தி வருதே, அது வேணும்னே செய்யறதா?" வேணும்னே தான். வால்ட்ஸ்ல அந்தப் பிந்தல் தான் ஊஞ்சல். காசு குடுத்துப் படிச்சவங்களே இதைக் கவனிக்க மாட்டாங்க. அவரு கையைப் பிடிச்சு நேச்சுரல் டர்ன் (வலப்பக்கம் திரும்பற அடிப்படை ஸ்டெப்) ஆடிப் பாத்தோம், டைமிங் அட்சர சுத்தம், ஆனா ஒவ்வொரு ஸ்டெப்பையும் கூத்து மிதி மிதிக்கறாரு, பலகை ஆடுது. பக்கத்துல நின்ன ரதி (அதுவும் பையன் தான்) விழுந்து விழுந்து சிரிச்சான்.

மே மாசம் என் பார்ட்னர் ரெண்டு நாள் வந்துட்டுப் போனாரு. கண்டில டீச்சர் என்னை விட்டுட்டு அவரையே பிடிச்சுக்கிட்டாங்க, முன்னாடி வர்றப்ப குனியறாராம், அதனால தான் இந்தப் பொண்ணோட எடை சீக்கிரம் மாறுதுன்னாங்க. இத்தனை மாசம் நான் வாங்குன திட்டுல பாதி அவருக்குச் சேர வேண்டியது. பார்சல் பண்ணி அனுப்பிட்டேன்.

அடுத்த மாசம் கண்டில எசல பெரஹரா, யானை ஊர்வலத் திருவிழா, டவுனுக்குள்ள ரோடு மூடிடுவாங்க, சனம் அலை மோதும், குளத்துப் பக்கம் போகவே முடியாது. அதனால டீச்சர் பேராதனைல அவங்க தங்கச்சி வீட்டுக்கு வரச் சொல்லிருக்காங்க. தரை என்ன தரைன்னு கேட்டேன். டைல்ஸாம்.