ஆரியா பற்றிய வினாவுக்கு நான் தயாரான விதம்

மேற்கத்திய இசை வரலாற்றுத் தாளில் குரலிசையில் ஆரியா என்ற தனிக்குரல் பாடல் வடிவத்தின் பொருளையும் வளர்ச்சியையும் விளக்குமாறு கேட்டால், இசையமைப்பாளர்களின் பெயர்களையும் ஆண்டுகளையும் வரிசையாக எழுதிவிட்டு அமைதி கொள்பவர்களே அதிகம். அத்தாளுக்குப் படித்தபோது நான் கைக்கொண்ட முறை வேறு. எடுத்துக்கொண்ட ஒவ்வொரு ஆரியாவிலும், முதற்பகுதி மீண்டும் வருகிறதா, வந்தால் எதற்காக வருகிறது என்பதை மட்டும் பார்த்துவந்தேன். முந்நூறு ஆண்டு வளர்ச்சியின் பெரும்பகுதி அந்த விடைகளுக்குள் அடங்கிவிடுகிறது.

பொருளை வரையறுக்கும்போது, பேச்சு போலப் பாடும் பகுதியான ரெசிட்டேட்டிவிலிருந்து தொடங்குவது நல்லது. இசை நாடகமான ஓபராவில் கதை நகர்வது ரெசிட்டேட்டிவில்தான். பேச்சின் ஏற்ற இறக்கத்தைப் பின்பற்றும் குரலுக்கு, 18ஆம் நூற்றாண்டில் பெரும்பாலும் ஹார்ப்சிகார்டும் (பியானோவுக்கு முந்தைய விசைப்பலகைக் கருவி) செல்லோவுமே துணை நிற்கும். ஆரியாவிலோ கதை நின்றுவிடுகிறது. பாத்திரத்தின் ஒரே மனநிலையை இசைக்குழுவின் துணையோடு, சொற்களைத் திரும்பத் திரும்பச் சொல்லி ஒற்றைக் குரல் விரித்துரைக்கிறது.

இத்தாலிய இசையமைப்பாளர் மான்டவெர்டி 1607இல் மாந்துவாவில் அரங்கேற்றிய 'ஓர்ஃபேயோ' ஓபராவில், பாதாள ஆற்றின் படகோட்டியான காரோனிடம் ஓர்ஃபேயோ பாடும் பாடலைத் தொடக்ககால எடுத்துக்காட்டாகக் கொண்டேன். கீழ்க்குரலின் அடிப்படை பெரும்பாலும் மாறாதிருக்க, கண்ணிக்குக் கண்ணி மேலுள்ள குரல்வரி மாறிக்கொண்டே போகிறது. அச்சான பிரதியில் குரலுக்கு எளிய வரியும் அலங்கார வரியும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரப்பட்டுள்ளன. (இத்தனை பாடியும் காரோன் மனமிரங்குவதில்லை, பிறகு தூங்கிப்போகிறான்.) 1637இல் வெனிஸில் கட்டணம் செலுத்துவோருக்கான சான் கசியானோ அரங்கு திறந்தபின், பாடகர்களின் செல்வாக்கும் ஆரியாக்களின் எண்ணிக்கையும் பெருகின என்பதை ஓரிரு வரிகளில் சொல்லிக் கடந்துவிடலாம்.

விடையின் நடுப்பகுதி டா காப்போ ('தொடக்கத்திலிருந்து') ஆரியாதான். நேரத்தை இங்கே செலவிடுங்கள். இரண்டு கண்ணிகள், மூன்று பகுதிகள்: முதலாவது முடிந்து, மாறுபட்ட இரண்டாவது வந்து, மீண்டும் முதலாவது. ஹேண்டலின் 'ஜூலியோ சேசரே' (லண்டன், 1724) ஓபராவின் மூன்றாம் அங்கத்தில் சிறைப்பட்ட கிளியோபாட்ரா பாடும் 'பியான்ஜெரோ' ஆரியாவை ஸ்கோரோடு (இசைக்குறிப்புப் பிரதியோடு) கேட்டால் இவ்வமைப்பு முழுமையாகப் புரியும். முதற்பகுதியில், உயிர் உள்ளவரை தன் விதியை நினைத்து அழப்போவதாக ஈ மேஜர் சுரவரிசையில் மெதுவாகப் பாடுகிறாள். இரண்டாம் பகுதியில் இசை திடீரென வேகமெடுத்து சி ஷார்ப் மைனர் சுரவரிசைக்கு மாறுகிறது. இறந்தபின் பேயாக வந்து கொடுங்கோலனை இரவும் பகலும் அலைக்கழிப்பேன் என்கிறாள். பிறகு முதற்பகுதியே மீள்கிறது. சீற்றம் எதையும் மாற்றவில்லை, அவள் இன்னும் சிறையில்தான் இருக்கிறாள் என்பதை அந்த மீட்சி சொல்லிவிடுகிறது. மீளும் பகுதியில் பாடகர் தம் அலங்காரங்களைச் சேர்ப்பது மரபு. கர்நாடக இசை கற்றவர்களுக்குச் சங்கதிகள் நினைவுக்கு வரக்கூடும். ஆனால் கேட்கப்படாத ஒப்பீட்டை விடைத்தாளில் எழுத வேண்டியதில்லை.

எல்லா டா காப்போவும் இவ்வளவு பொருத்தமாக அமையவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் இசையமைப்பாளர் க்ளக் ஓபராவில் செய்த சீர்திருத்தம் புரியும். பாடகர் முதற்பகுதியின் சொற்களை நான்கு முறை சொல்வதற்காக, உணர்ச்சி மிகுந்த இரண்டாம் பகுதியை அவசரமாகக் கடப்பதைத் தாம் ஏற்கவில்லை என்று 1769இல் அச்சான 'அல்செஸ்தே' ஓபராவின் முன்னுரையில் அவர் வாதிட்டார்.

மோட்சார்ட் மீட்சியையே நாடகமாக்கினார். 'ஃபிகாரோவின் திருமணம்' (வியன்னா, 1786) ஓபராவின் மூன்றாம் அங்கத்தில், அந்த இனிய கணங்கள் எங்கே போயின என்று கணவனின் அன்பை இழந்த சீமாட்டி கேட்கிறாள்; நடுப்பகுதிக்குப் பின் அதே வரியும் அதே இசையும் திரும்புகின்றன. ஆரியா அப்படியே முடியும் என்று நாம் எதிர்பார்க்கும் இடத்தில், பழைய நினைவு வளர்ந்து முடிவதற்குள் வேகமான புதிய பகுதி பிறக்கிறது. தன் உறுதியால் கணவனின் மனத்தை மாற்றலாம் என்ற நம்பிக்கை அதில் எழுகிறது. இந்த ஒரு திருப்பத்தைச் சரியாக விளக்கினால், 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆரியா எத்திசையில் போனது என்பதைத் தனியாகச் சொல்லத் தேவையில்லை.

மெதுவான பகுதியை அடுத்து வேகமான கபலெட்டா என்ற இத்தாலிய அமைப்பில், கபலெட்டாவை இருமுறை பாடுவது வழக்கம். வெர்டி 'லா திராவியாத்தா'வின் (வெனிஸ், 1853) முதல் அங்க முடிவில் அந்த இரண்டு முறைக்கும் இடையே, நாயகி வியோலெட்டாவைக் காதலிக்கும் ஆல்ஃபிரெடோவின் குரலை வெளியிலிருந்து ஒலிக்கச் செய்கிறார். என்றும் சுதந்திரமாகவே இருப்பேன் என்று வியோலெட்டா மறுபடி பாடுவது, அந்தக் குரலைக் கேளாதது போல் இருக்க முயல்வதாகிறது.

வினாவில் 'குரலிசை' என்றிருந்தால் ஓபராவோடு நிற்கக் கூடாது. இயேசுவின் பாடுகளைச் சொல்லும் பாஹின் 'மத்தேயு பேஷன்' (1727) படைப்பில், சீடர் பேதுரு இயேசுவை மறுதலித்து அழுதபின் வரும் 'எர்பார்மே டிஷ்' ஆரியாவை ஆல்ட்டோ (நடுத்தர உயரக்) குரல் பாடுகிறது. பேதுருவுக்கு எழுதப்பட்டதோ பேஸ் (தாழ்ந்த ஆண்) குரல். பாத்திரம் பாடாமல், கேட்கும் சபையின் சார்பாக ஒரு குரல் மன்றாடுகிறது. ஆரியாவின் பொருள் இங்கே விரிவடைகிறது என்று எழுதுவது உங்கள் விடையைத் தனித்துக் காட்டும்.

வாக்னரின் 'டிரிஸ்டான்' (1865) போன்ற படைப்புகளில் ரெசிட்டேட்டிவுக்கும் ஆரியாவுக்கும் இடையிலான எல்லை கரைந்ததை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். நேரம் மிஞ்சினால், ஸ்ட்ராவின்ஸ்கி 1951இல் 'தி ரேக்ஸ் ப்ராக்ரெஸ்' ஓபராவில் ரெசிட்டேட்டிவ், ஆரியா, கபலெட்டா ஆகியவற்றை வேண்டுமென்றே மீட்டெடுத்தார் என்று சேருங்கள். அதன் முதல் அரங்கேற்றமும் 'லா திராவியாத்தா' அரங்கேறிய அதே வெனிஸ் அரங்கான லா ஃபெனீச்சேயில்தான் நடந்தது.