ஐயாவின் சம்பளக் கணக்கு

நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்தில், அதாவது ஐ.என்.ஏ.வில், சேர்ந்ததற்காக தில்லி செங்கோட்டையில் ஆங்கிலேயர் நடத்திய வழக்கு என்றதும் ஷாநவாஸ் கான், சைகல், தில்லான் ஆகிய அதிகாரிகள் மூவரும் விடுதலையானதுதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். அந்த உத்தரவின் மறுபாதியை யாரும் பேசுவதில்லை. 1946 ஜனவரி 3 அன்று தலைமைத் தளபதி ஆக்கின்லெக் தள்ளுபடி செய்தது ஆயுள் தண்டனையை மட்டும்தான். பதவிநீக்கம் நீடித்தது. வரவேண்டிய சம்பளமும் படிகளும் பறிமுதல் என்பதும் அப்படியே நின்றது. நாடே கொண்டாடிய மூவருக்கே கணக்கு இப்படி முடிக்கப்பட்டது என்றால், தேவிபட்டினத்திலிருந்து போன ஒரு லாரி டிரைவரின் கணக்கை யார் பார்த்திருப்பார்கள்?

அந்த டிரைவர் என் ஐயா, அப்பாவைப் பெற்றவர். பிரிட்டிஷ் இந்தியப் படையில் சேர்ந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர். 1942 பிப்ரவரி 15-ல் சிங்கப்பூர் விழுந்தபோது ஜப்பான்காரனிடம் கைதியானார். கூடவே திருப்பாலைக்குடிக்காரர் ஒருவரும் பிடிபட்டார். இருவரும் மச்சான், மாப்பிள்ளை என்று கூப்பிட்டுக்கொள்கிற முறை. 1943 ஜூலையில் நேதாஜி அங்கே வந்து பேசியதைக் கேட்டு ஐயா ஐ.என்.ஏ.வில் சேர்ந்தார். மற்றவர் சேரவில்லை. "நீ போ மச்சான், எனக்கு ஊர்ல நாலு பொம்பளப் பிள்ளைக கெடக்கு" என்றாராம். அதில் இருவருக்கும் மனக்கசப்பு எதுவும் கிடையாது. கடைசிவரை ஒரே திண்ணையில் உட்கார்ந்து வெற்றிலை போட்டவர்கள்.

போர் முடிந்ததும் ராணுவம் கைதிகளை விசாரித்து வெள்ளை, சாம்பல், கறுப்பு என்று மூன்றாகப் பிரித்தது. ஐ.என்.ஏ. பக்கமே போகாதவர்கள் வெள்ளை. சிறையிருந்த காலத்துக்கும் அவர்களுக்குச் சம்பளம் உண்டு. மனதார அதில் சேர்ந்தவர் என்று முடிவுகட்டப்பட்டவர் கறுப்பு. வேலையும் போனது, கைதியாயிருந்த காலச் சம்பளமும் போனது. ஐயா கறுப்பு. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் நீல்கஞ்ச் முகாமில் அடைபட்டிருந்து, 1946 நடுவில் ஊர் வந்து சேர்ந்தார். கையில் இருந்தது வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டுகள். ஜப்பான் சரணடைந்த பிறகு அவற்றுக்குக் காலணா மதிப்பில்லை. மாப்பிள்ளையோ வந்த பாக்கிப் பணத்தில் சொந்தமாக ஒரு வத்தை, மீன்பிடிப் படகு, வாங்கினார். அதில் ஐயா கூலிக்குக் கடலுக்குப் போனார்.

நான் அஞ்சலகத்தில் சேமிப்புக் கணக்குப் பார்த்தவள். ஒரு பதிவு விட்டுப்போனாலும் எனக்குத் தூக்கம் வராது. அதனால் இந்தக் கணக்கை நானே போட்டுப் பார்த்தேன். போர் தொடங்கியபோது சிப்பாயின் அடிப்படைச் சம்பளம் மாதம் 16 ரூபாய். டிரைவருக்கு என்ன கூடுதல் என்பதை விட்டுவிட்டு அதையே வைத்துக்கொள்வோம். சிங்கப்பூர் விழுந்ததிலிருந்து 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்தது வரை 43 மாதம். 688 ரூபாய். சரி, ஐ.என்.ஏ.வில் சேர்ந்த பிறகான மாதங்களுக்கு ஆங்கிலேய அரசு சம்பளம் தரவில்லை என்பதைக்கூட விட்டுவிடலாம். எந்தப் படையை எதிர்த்து நின்றாரோ அந்தப் படையிடம் கூலி கேட்க ஐயாவே கூசியிருப்பார்.

ஆனால் அதற்கு முந்தைய 17 மாதம்? அப்போது ஐயாவும் மாப்பிள்ளையும் ஒரே கொட்டடியில், ஒரே அரிசியைத் தின்றுகொண்டு, ஒரே படையின் ஆட்களாகத்தானே கிடந்தார்கள்? அவருக்குப் பதிவான வரவு இவருக்கு மட்டும் ஏன் அழிந்தது? பின்னால் செய்த ஒன்றுக்காக முன்னால் உழைத்த கூலியைப் பிடித்துக்கொள்வது எந்தக் கணக்கிலும் சேராது.

1972-ல் மத்திய அரசு சுதந்திரப் போராட்ட வீரர்களுக்குப் பென்ஷன் கொண்டுவந்தது. ஐ.என்.ஏ.காரர்களுக்கும் உண்டு. ஆனால் ஆறு மாதம் சிறையில் இருந்ததற்குச் சான்று வேண்டும். கூட இருந்த கைதி ஒருவர் எழுதித் தரலாம். நெருங்கிய சிநேகிதர் திருப்பாலைக்குடியிலேயே இருந்தும் பயனில்லை, அவர் நீல்கஞ்சில் அடைபட்டவர் இல்லையே. ஐயா பரமக்குடி, கமுதி, முதுகுளத்தூர் என்று பஸ் ஏறி அலைந்து, முகாமில் பக்கத்தில் படுத்திருந்த ஒருவரைக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கி வந்தார். பென்ஷன் வந்தது. ஐயா போன பிறகு அப்பத்தாவுக்கும் வந்தது. அந்தப் பணத்தை நான் குறைவாகப் பேச மாட்டேன். எங்கள் வீட்டில் அடுப்பெரிந்தது அதில்தான், அதைவிட அது ஐயாவை நிமிர்ந்து நடக்க வைத்தது.

அப்பத்தாவுக்கு மட்டும் கணக்கு மறக்கவில்லை. பென்ஷன் வாங்கி முந்தியில் முடிந்துகொண்டே கேட்பார்: "இது அவுக சண்டைக்குப் போனதுக்கு. லாரி ஓட்டுனதுக்கு எப்பத் தருவாக?"

நான் கேட்பதும் அதுதான். 17 மாதம், மாதம் 16 வீதம் 272 ரூபாய். இன்றைய மதிப்பில் வட்டி போட்டுக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. அந்தப் பணம் அவருடையது என்று பேரேட்டில் ஒரு வரவு விழ வேண்டும், அவ்வளவே. ஐயாவின் படை எண் பழைய காகிதத்தில் தெளிவாகவே இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு, அவருடைய சம்பள ஏட்டின் நகல் கேட்டு, படைப் பதிவகத்துக்கு மனு எழுதியிருக்கிறேன். அப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் போகிறது.