ஏரிக்கு ஒரு கயாக்: தூக்கிப் பார்த்ததும் கவிழ்த்துப் பார்த்ததும்

மே மாதம் தொடங்கிய தேடல் ஓகஸ்ட் நடுவில் ஒருவழியாக முடிந்தது. இப்போது கராஜ் சுவரில் இரண்டு கயாக், அதாவது துடுப்பால் ஓட்டுகிற ஒடுக்கமான சிறு படகுகள், தொங்குகின்றன. இரண்டும் ஒரே நீளம் இல்லை, ஒரே எடை இல்லை, செய்த பிளாஸ்டிக்கும் வேறு வேறு. ஏன் இப்படி வாங்கினீர்கள் என்று கேட்கிற ஒவ்வொருவருக்கும் வாயால் விளக்குவதைவிட எழுதிவைத்துவிடுவது சுகம்.

எங்கே ஓட்டப்போகிறோம் என்பதில்தான் எல்லாம் தொடங்குகிறது. வீடு கனடாவில், ரொறன்ரோவின் ஸ்காபரோவில். ஒன்ராறியோ ஏரி கிட்டத்தான், ஆனால் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. பெயருக்குத்தான் அது ஏரி. காற்று எழும்பினால் அலையும் எழும்பும். ஜூன் மாதத்திலும் தண்ணீரின் குளிர் எலும்புவரை போகும். அதில் போக 16, 17 அடி நீளமான, முன்னும் பின்னும் தண்ணீர் புகாமல் அடைத்த கடல் கயாக்கும் அதற்கான பயிற்சியும் வேண்டும். நாங்கள் நினைத்தது ரூஜ் ஆறு ஏரியில் விழுமுன் பரந்து கிடக்கும் சதுப்பு, பிக்கரிங்கில் மணல்திட்டுக்கு உள்ளே ஒதுங்கியிருக்கும் ஃபிரெஞ்ச்மன்ஸ் பே, போர்ட் பெரியில் ஸ்குகொக் ஏரி, வாய்ப்புக் கிடைத்தால் பீற்றர்பரோவுக்குக் கீழே ஒட்டோனபி ஆறு. அவசரமில்லாத தண்ணீர். அதற்கென்று விற்கிற வகையைத்தான் கடைக்காரர்கள் ‘ரெக்ரியேஷனல்’ என்கிறார்கள்: 9 முதல் 12 அடி நீளம், 28 முதல் 32 அங்குல அகலம், ஏறி இறங்க வசதியாக, ஆள் உட்காருகிற பெரிய குழி.

முதலில் ஏறியது மச்சானின் காற்றடைக்கிற கயாக். “இதை டிக்கிக்குள்ளை போட்டுக்கொண்டு எங்கையும் போகலாம்” என்று அவன் சொன்னது உண்மைதான். பம்ப் அடிக்கப் பத்து நிமிடம், அவ்வளவுதான். தண்ணீரில் நம்பிக்கையாகவும் இருந்தது, ஆட்டம் இல்லை. பிரச்சினை காற்று. உடம்பு முழுவதும் தண்ணீருக்கு மேலே நிற்பதால் சும்மா ஒரு காற்று வந்தாலே பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போகிறது. நேராக ஓட அடியில் ஃபின் என்கிற செட்டை போன்ற தகட்டை மாட்டியே ஆகவேண்டும். ஸ்குகொக்கில் அந்த ஃபின்னுக்கு நடந்ததைச் சொல்லவேண்டும்: அது ஆழம் குறைந்த, பாசி மண்டிய ஏரி. கொஞ்ச தூரம் போனதும் கயாக் கனத்துப்போகிறது, ஏன் என்று பார்த்தால் அடியில் ஒரு கூடைப் பாசி. கையால் உருவி எறிந்துவிட்டுத் திரும்ப ஓட்டவேண்டும்.

பணம் கொஞ்சம் கூடப் போட்டால் டிராப் ஸ்டிச் தரை உள்ளது கிடைக்கிறது. மேல்துணிக்கும் கீழ்த்துணிக்கும் நடுவே ஆயிரக்கணக்கான நூல்கள் தைத்திருக்கும். காற்றை இறுக்கி அடித்தால் தரை வளையாமல் விறைத்து நிற்கும். ஓட்டம் நிச்சயம் நன்றாயிருக்கும். ஆனாலும் வீட்டுக்கு வந்து மடிப்பு மடிப்பாக விரித்துக் காயவைக்கிற வேலை அதற்கும் உண்டு. ஈரத்தோடு சுருட்டிவைத்தால் பூஞ்சணம். மாடிக் குடியிருப்பில் இருந்திருந்தால் மறுபேச்சில்லாமல் இதையே எடுத்திருப்பேன். கராஜ் இருப்பவனுக்கு இந்தத் தொல்லை எதற்கு?

மடிக்கிற கயாக்கும் பார்த்தோம். ஓரு என்கிற கலிஃபோர்னியா நிறுவனம் செய்வது. அதன் இன்லெட் மாடல் 9 கிலோதான். தேர்தல் நேரத்தில் வீட்டு முற்றங்களில் வேட்பாளர் பெயரோடு குத்திவைக்கிற பலகை இருக்கிறதே, ஏறக்குறைய அந்த உள்ளீடற்ற பாலிபுரொப்பிலீன் தகடுதான், ஆனால் தடிப்பமும் உறுதியும் கூட. மடித்தால் பெட்டி, விரித்தால் படகு. மடிக்கிற யோசனை புதிது இல்லை. 1905இல் மியூனிக்கில் ஆல்ஃபிரட் ஹொய்ரிக் என்ற கட்டடக்கலை மாணவர் துணியும் சட்டமுமாக ஒன்றைச் செய்து ஈசார் ஆற்றில் ஓட்டினார். ரோசன்ஹைம் ஊர்த் தையற்காரர் யோஹான் கிளெப்பர் அந்த வடிவமைப்பை வாங்கித் தொழிலாக்கினார். ரயிலில் எடுத்துப்போக முடிந்ததால்தான் அது பரவியது. 1956இல் ஹன்னெஸ் லின்டமன் என்ற மருத்துவர் ஒரு கிளெப்பரில் அட்லாண்டிக்கையே கடந்தார். எனக்கு மிகவும் பிடித்த வகை இதுதான். விலைச்சீட்டைப் பார்த்ததும் ஆசை மடிந்துவிட்டது, அது வேறு கதை.

கெட்டிப் பிளாஸ்டிக் வகைக்கு வந்தோம். இதில்தான் நான் அதிக நேரம் செலவழித்தேன். எல்லாரும் முதலில் பேசுவது நீளத்தைப் பற்றி: நீளமானால் வேகம். கணக்குப் போட்டுப் பார்த்தேன். தண்ணீரைத் தொடும் நீளத்தை அடியில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 1.34ஆல் பெருக்கினால் ஒரு படகு வசதியாக எட்டக்கூடிய வேகம் நொட் என்கிற கடல்வேக அளவில் கிடைக்கும். 9 அடிக்கு ஏறத்தாழ 4 நொட், 12 அடிக்கு 4.6. மணிக்கு ஏழரை கிலோமீற்றருக்கும் எட்டரைக்கும் உள்ள வித்தியாசம். நாங்கள் கொக்கைப் பார்த்துக்கொண்டு, ஆமையைப் பார்த்துக்கொண்டு மணிக்கு நாலு கிலோமீற்றர் போகிற ஆட்கள். வேகத்துக்காக 12 அடி வாங்குவதில் அர்த்தமே இல்லை.

அப்புறம் ஏன் 12 அடி வாங்கினேன் என்றால், நேராக ஓடுவதற்கு. ஒரு கடற்கரைக் கடையில் 9 அடிக் கயாக்கை வாடகைக்கு எடுத்து ஃபிரெஞ்ச்மன்ஸ் பேயில் ஓட்டினேன். ஒவ்வொரு முறை துடுப்பை வலிக்கும்போதும் மூக்கு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. திருத்தினால் மறுபக்கம். ஒரு மணிநேரத்தில் கைக்கு வேலையைவிட மனத்துக்குச் சலிப்பு. அடுத்த வாரம் அதே இடத்தில் 12 அடி: வலித்துவிட்டு நிறுத்தினாலும் பார்த்த திசையில் கொஞ்ச தூரம் தானாகப் போகிறது. நெளிந்து நெளிந்து போகிற சின்ன ஓடையில் குட்டைக் கயாக் சட்டென்று திரும்பும், அந்த நன்மை அதற்கு உண்டு. திறந்த ஏரியில் அதுவே குறை.

அகலம் இன்னொரு விஷயம். 32 அங்குலத்தில் ஏறி உட்கார்ந்ததும் திண்ணை மாதிரி அசையாமல் இருக்கும். கடையில் அதற்கே மயங்கிவிடுவோம். ஆனால் அகலம் கூடினால் துடுப்பு தண்ணீரைத் தொடக் கையை வெளியே எட்டிப் போடவேண்டும், தோள் வலிக்கும், துடுப்பும் 240 சென்ரிமீற்றர் நீளம் வேண்டும். 28, 29 அங்குலத்தில் முதல் ஐந்து நிமிடம் கொஞ்சம் தளும்புகிறது. பிறகு மறந்துவிடுகிறது.

எடை தாங்கும் அளவு என்று ஒட்டியிருக்கும் எண்ணை அப்படியே நம்பவேண்டாம். அந்த எண்ணில் ஆள், சாப்பாடு, தண்ணீர், பை எல்லாம் அடக்கம். அதுவரை ஏற்றினால் கயாக் மிதக்கும், ஓடாது. மூன்றில் இரண்டு பங்குக்குள் நிற்பது நல்லது. என் எடை 84 கிலோ. 136 கிலோ தாங்கும் என்று போட்டிருந்தால் எனக்குச் சரி, 110 என்றால் வேண்டாம்.

இதெல்லாம் படிக்கலாம், பேசலாம். முடிவை எடுக்கவைத்தவை இரண்டே சோதனைதான்.

முதலாவது, தூக்கிப் பார்ப்பது. வார்ப்பில் உருட்டிச் செய்கிற பாலிஎத்திலீன் கயாக் உறுதியானது, கல்லில் இழுத்தாலும் கவலை இல்லை, ஆனால் கனம். நல்ல பெயர் எடுத்த வில்டர்னஸ் சிஸ்டம்ஸ் பங்கோ 120 சுமார் 22 கிலோ. அதைக் கடைத் தரையில் இருந்து தூக்குவது பெரிய காரியம் இல்லை. ஓட்டிக் களைத்து, ஈரக்கையோடு, கார்க் கூரை உயரத்துக்குத் தூக்குவதுதான் காரியம். நான் ஒரு முனையைக் கூரையில் பூட்டிய பின் றாக்கில் சாத்திவிட்டு, பின்கண்ணாடியில் பழைய பாய் ஒன்றைப் போட்டு, மறுமுனையைத் தூக்கித் தள்ளிவிடுவேன். முழு எடையையும் ஒருபோதும் தூக்குவதில்லை. மனைவிக்குத் தோளில் பழைய வலி இருப்பதால் இந்த வித்தையும் சரிவரவில்லை. இரண்டு பேரும் உட்காருகிற இரட்டைக் கயாக் ஒன்று வாங்கலாமா என்றேன். “முப்பது கிலோவுக்கு மேலை. நீங்கள் இல்லாத நாள் நான் என்னெண்டு போறது?” என்றார். நியாயமான கேள்வி.

அவருக்கு எடுத்தது 10 அடி, பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சிச் செய்கிற வகை. கியூபெக் மாகாணத்து லவாலில் இருக்கும் பெலிகன் இந்த முறையில் நிறையச் செய்கிறது. எடை 16 கிலோ அளவில் நிற்கும். கல்லில் இழுக்கக்கூடாது, குளிரில் பலமாக அடிபட்டால் வெடிக்கலாம். ஆனால் அவரே காரில் ஏற்றி அவரே இறக்குகிறார். மூக்கு கொஞ்சம் ஆடுகிறது என்ற குறை அவருக்கும் உண்டு. ஏற்ற முடியாத நல்ல கயாக்கைவிட ஆடுகிற மூக்குப் பரவாயில்லை என்கிறார்.

இரண்டாவது சோதனை, கவிழ்த்துப் பார்ப்பது. ஜூலையில் தண்ணீர் சூடான பிறகு அரைநாள் பழகுநர் வகுப்பு ஒன்றுக்குப் போனோம். இடுப்பளவு தண்ணீரில் வேண்டுமென்றே கவிழச் சொன்னார்கள். விழுவதில் பயம் ஒன்றும் இல்லை, குழி பெரிது, ஆள் தானாக வெளியே வந்துவிடுகிறோம். திரும்பி ஏறுவதுதான் கூத்து. அகலமான குழிக்குள் தண்ணீர் நிறைந்துவிடும். 200 லீற்றர் என்று வைத்துக்கொண்டாலும் அது 200 கிலோ. பக்கத்தில் கையை வைத்து ஏறப்போனால் விளிம்பு தாழ்ந்து இன்னும் மொள்ளுகிறது.

அப்போதுதான் ஆசனத்துக்குப் பின்னால் இருக்கும் குறுக்குத் தடுப்பின் அருமை தெரிந்தது. பயிற்சியாளர் கவிழ்ந்த கயாக்கின் மூக்கைத் தன் கயாக்கின் மேல் இழுத்து வைத்தார். தடுப்பு இருந்ததில் தண்ணீர் முன்னிருந்து வழிந்து குழி வழியாகக் கொட்டிவிட்டது. மலிவான குட்டைக் கயாக்கில் தடுப்பு இல்லை, நடுவில் ஒரு நுரைக்கட்டை மட்டும். அதன் மூக்கைத் தூக்கினால் தண்ணீர் எல்லாம் வாலுக்கு ஓடி அங்கேயே நிற்கிறது. வாலில் சாமான் வைக்கிற மூடியைத் திறந்து காட்டி ‘சேமிப்பறை’ என்று விற்கிறார்கள். உள்ளே கையை விட்டுத் தடவிப் பாருங்கள், சுவர் தட்டுப்படவேண்டும். தட்டுப்படாவிட்டால் அது வெறும் ஓட்டை.

குழி இல்லாமல் மேலே உட்காருகிற வகையும் அங்கே இருந்தது. அதில் இந்தச் சிக்கலே இல்லை, விழுந்தால் வயிற்றை வைத்து ஏறி, திரும்பி உட்காரலாம், தண்ணீர் துளை வழியாக வடிந்துவிடும். சூடான நாட்டில் இருந்தால் அதுதான் என் தெரிவு. இங்கே மே மாதத்திலும் ஒக்டோபரிலும் நனைந்துகொண்டே இருக்க முடியாது. குளிர்ந்த தண்ணீருக்கு இங்கே ‘1-10-1’ என்று ஒரு கணக்குச் சொல்லிக்கொடுக்கிறார்கள்: மூச்சைக் கட்டுப்படுத்த 1 நிமிடம், கைகால் உருப்படியாக அசைய 10 நிமிடம், நினைவு தப்ப ஏறக்குறைய 1 மணிநேரம். அதைக் கேட்டபிறகு லைஃப் ஜாக்கெட்டை ஆசனத்துக்குப் பின்னால் செருகிவைக்கிற பழக்கம் யாருக்கும் வராது. கனடாச் சட்டப்படி ஆளுக்கொன்று படகில் இருந்தால் போதும். எங்கள் வீட்டுச் சட்டப்படி அது உடம்பில் இருக்கவேண்டும். அதோடு மிதக்கும் கயிறு 15 மீற்றர், தண்ணீர் இறைக்க ஒரு பாத்திரமோ பம்போ, ஒரு விசில். கரையில் இருந்து நீந்தி வரக்கூடிய தூரத்துக்கு அப்பால் போவதில்லை.

என்னுடைய 12 அடியைப் பழையதாகத்தான் வாங்கினேன், புதிய விலையில் பாதிக்குச் சற்று மேலே. கிஜிஜி என்கிற விளம்பர இணையத்தளத்தில் வசந்தத்தில் விலை ஏறும், கோடை முடிவில் இறங்கும். அடியில் கீறல் இருப்பது பொருட்டில்லை. வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினால் மா உதிர்வது ஆபத்து. வெடிப்பைத் தேடவேண்டிய இடம் அடிமுதுகின் பின்முனை, இழுபடுவது அதுதான். விற்றவரின் தோட்டக் குழாயை வாங்கிக் குழிக்குள் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். ஐந்து நிமிடம் நின்றேன், தடுப்புக்கு அப்பால் கசியவில்லை. வாலில் எழுத்தும் இலக்கமுமாகப் பொறித்த 12 இட அடையாள எண் சுரண்டப்படாமல் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள், திருட்டுக் கயாக்கும் சந்தைக்கு வருகிறது.

துடுப்பில் கஞ்சத்தனம் காட்டவில்லை. ஒரு மணிநேரத்தில் ஆயிரம் தடவைக்கு மேல் தூக்குகிற பொருள் அது. கயாக்கோடு வந்த அலுமினியத் துடுப்பை மாற்றாகக் கட்டிவைத்துவிட்டு, 230 சென்ரிமீற்றரில் ஃபைபர்கிளாஸ் தண்டுள்ளதை எடுத்தேன்.

இன்னும் செய்யவேண்டியவை: மூக்குப் பக்கம் தடுப்பு இல்லாததால் அங்கே ஒரு காற்றுப்பை கட்டவேண்டும், தண்ணீர் புகும் இடம் குறையும். ஒட்டோனபியில் மோட்டார் படகுகள் கிளப்புகிற அலைக்கு மூக்கை நேரே காட்டிப் பழகவேண்டும். ஏரி மாறும்போதெல்லாம் பாசியை உருவி, தண்ணீரை வடித்து, காயவைத்துத்தான் ஏற்றவேண்டும். பாசியை அகற்றி வடித்துவிடுவது 2022 ஜனவரியில் இருந்து ஒன்ராறியோவில் சட்டம், ஸ்குகொக் பாசியை இன்னோர் ஏரிக்குக் கொண்டுபோகக்கூடாது. குளிர்காலத்துக்கு இரண்டையும் பக்கவாட்டில் சரித்து, அகலமான பட்டியில் தொங்கவிட்டிருக்கிறேன். பட்டியை இறுக்கவில்லை, இறுக்கினால் பிளாஸ்டிக் அந்த இடத்தில் குழிந்துவிடும்.